கட்டை போயிருச்சு

அவர் செத்துப்போய்விட்டார் என்று நான் நம்பினேன். நம்பியது நான் ஒருவன் மட்டும் என்றால் இதை எழுதவே வேண்டியதில்லை. ஒரு கூடம் நிறைய ஆட்களை நம்பவைத்தேன். நம்பவைத்ததோடு விடாமல் எல்லோரையும் எழுந்து நிற்கவும் வைத்தேன். டிக்கெட் வாங்கி வந்தவர்கள், பாவம்.

அறுபதுகளின் நடுவில், சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாயங்காலம் எங்களுக்கு நாடகம். தேக்காவில் எங்கள் நாடகக் குழு ஒத்திகை பார்க்கிற மாடியறைக்குக் கீழே ஒரு கோப்பிக்கடை இருந்தது. எங்களுக்கு வருகிற போன் எல்லாம் அங்கேதான் வரும். கோப்பி ஆற்றுகிறவர் படிக்கட்டுக்கு அடியில் வந்து நின்று, குவளையைக் கீழே வைக்காமலே மேலே பார்த்துச் சொன்னார்:

"செம்பவாங்குலேர்ந்து போனு. அண்ணன் வீட்டுல. கட்டை போயிருச்சாம். சாயங்காலத்துக்குள்ள பதிலுக்கு ஏற்பாடு பண்ணிக்கச் சொன்னாங்க."

யார் பேசியது என்று கேட்டேன்.

"அவுங்க சம்சாரம்லா. மூக்கை உறிஞ்சிக்கிட்டே பேசுனாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

அவ்வளவுதான். கட்டை போய்விட்டது, மனைவி மூக்கை உறிஞ்சுகிறாள், பதிலுக்கு ஆள் தேடச் சொல்கிறார்கள். இதற்கு மேல் ஒரு மனிதன் சாவதற்கு என்ன அத்தாட்சி வேண்டும்? எனக்குக் கை நடுங்கியது. ஏன் நடுங்கியது என்று அப்போது கேட்டிருந்தால் துக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். துக்கமும் இருந்தது. ஆனால் முக்கால் பங்கு நடுக்கம் வேறு காரணத்துக்காக. அதைச் சொல்வதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். கப்பல் பட்டறையில் இரும்புத் தகட்டை நாள் பூராவும் சம்மட்டியால் அடிக்கிற கூட்டத்தோடு வேலை பார்த்தவர். அந்தச் சத்தம் ஐம்பது வயதுக்குள் அவருடைய இரண்டு காதுகளையும் சாப்பிட்டுவிட்டது. சட்டைப் பைக்குள் தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டுக் கழுத்து வழியாக ஏறிக் காதுக்குள் போகும். பெட்டிக்குள் உயிராக இருந்தது ஒரு வட்டமான பேட்டரி. பெரிய சட்டைப் பட்டன் அளவுதான் இருக்கும், கனமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதைத்தான் அண்ணன் கட்டை என்று சொல்வார். டார்ச் லைட்டில் போடுகிற உருளையைக் கட்டை என்றால் நியாயம் இருக்கிறது. இந்தத் துணுக்கையுமா? எனக்குச் சிரிப்பாக வரும். "வேலை ஒண்ணுதானே, உருவத்தைப் பார்த்தா பேரு வைப்பாங்க?" என்பார். நான் கேட்டது அவருக்குக் காதில் விழுந்தால்.

விழாவிட்டாலும் கவலையில்லை. எதற்கும் பதில் சொல்வார். அதுதான் அண்ணன். வாழ்நாளில் ஒரு தடவைகூட "என்னா சொன்னே?" என்று அவர் யாரையும் திருப்பிக் கேட்டதில்லை. கேள்வி காதில் விழவில்லை என்றால் கேட்டவன் மூஞ்சியைப் பார்த்து அதற்குத் தோதாக ஒன்றைச் சொல்லிவிடுவார். மூஞ்சி சந்தோஷமாக இருந்தால் "அது சரிதான்". குழப்பமாக இருந்தால் "பார்ப்போம்லா". வாடியிருந்தால் "நல்ல மனுஷன்". இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் சிங்கப்பூரில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு "அது சரிதான்" என்றார். கண்டக்டர் யோசித்துவிட்டு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். அது சரியான டிக்கெட்டாகவும் இருந்தது.

நாங்கள் கேலி செய்வோம். அதற்கும் ஒன்று வைத்திருந்தார்: "கேக்கலைன்னா என்ன, பதில் இருக்கு."

அந்தப் பதில் வாய்க்கு மட்டும் இல்லை. கைக்கும் உண்டு. எது இல்லையென்றாலும் அதற்குப் பதிலாக இன்னொன்றை எடுத்து வைத்துவிடுவார். காதுப் பெட்டிக்கான கட்டை ஹை ஸ்ட்ரீட்டில் ஒரே ஒரு கடையில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. சுங்கை ரோடு சந்தையில் யார் யாரோ கழற்றிப்போட்டதைக் குவித்து வைத்திருப்பார்கள். அண்ணன் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். ரசத்துக்கு உப்புப் பார்க்கிற மாதிரி இருக்கும். "புளிப்பு இருக்கு, ஓடும்" என்றால் வாங்குவார். "சப்புன்னு இருக்கு" என்றால் திருப்பிப் போட்டுவிடுவார். உயிருள்ள கட்டை நாக்கில் லேசாகச் சுருக்கென்று கடிக்குமாம். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே இருப்பது பாதரசமாச்சே, வாயில் வைக்கலாமா என்று கேட்டேன். "பார்ப்போம்லா" என்றார்.

யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் அவர்கள் உடம்பில் கட்டை எங்கே இருக்கிறது என்றுதான் தேடும். எங்கள் குழுவுக்கு ஆதரவாக இருந்த ஒரு ஜவுளிக்கடை முதலாளி, சாவி கொடுக்கத் தேவையில்லாத புதுசு மின்சாரக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். அண்ணன் அதன் வயிற்றைப் பார்த்தார். அன்றைக்குப் பெட்டி உறங்கிவிட்டிருந்தது. முதலாளியிடம் என்ன சொல்லி மயக்கினாரோ, கொஞ்ச நேரத்தில் அந்தக் கடிகாரத்துக் கட்டை அண்ணன் கையில் இருந்தது. பெட்டிக்கு அது ரொம்பச் சின்னது, காகிதம் மாதிரி ஒல்லி. சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளை மடித்து மடித்து அடியில் கொடுத்து உயரத்தைச் சரிக்கட்டினார். வேலை செய்தது. யாரோ பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கிறது என்றார். ஒத்திகை முடிகிற வரை தாங்கவில்லை. முதலாளி மறுநாள் வேலைக்குத் தாமதமாகப் போனதாகவும், அவர் கடைக்கு அவரே முதலாளி என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்றும் கேள்வி.

போட்டோக்காரர் கதைதான் கொஞ்சம் வில்லங்கம். எங்கள் நாடகங்களுக்குப் படம் எடுப்பவர், கல்யாணங்களுக்கும் போவார். வெளிச்சம் அளக்க ஒரு மீட்டர் வைத்திருந்தார். அதற்குள் இருந்ததும் அண்ணனுடைய கட்டையேதான், அதே அளவு, அதே ரகம். ஒரு நாள் அவசரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பெட்டியை ஓட்டத் தெம்பில்லாத பழைய வெள்ளிக் கட்டை ஒன்றை அண்ணன் வைத்துக் கொடுத்தார். பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் வெள்ளிக் கட்டைக்கு வேகம் ஜாஸ்தி. புதுசில் காதுப் பெட்டிக்கு அது நல்லது, கொஞ்சம் சத்தமாகக் கேட்கும். மீட்டருக்கு அது பொய் சொல்லிக் கொடுத்துவிட்டது. இல்லாத வெளிச்சத்தை இருக்கிறது என்றது முள். போட்டோக்காரர் அதை நம்பி ஒரு கல்யாணம் பூராவும் எடுத்தார். காலை முகூர்த்தம், படத்தில் அமாவாசை. மாப்பிள்ளை எது, குத்துவிளக்கு எது என்று அவர்கள் குடும்பத்திலேயே தகராறு. போட்டோக்காரர் மாடிக்கு ஏறி வந்து அண்ணனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணன் அவர் வாடிய மூஞ்சியைப் பார்த்து "நல்ல மனுஷன்" என்றார். பிறகு விஷயம் புரிந்ததும் தன்னிடம் மாற்றுக்கு வைத்திருந்த ஒரே ஒரு பாதரசக் கட்டையை எடுத்து அவர் மீட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் மாற்றுக் கட்டை இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இனி என் நடுக்கத்துக்கு வருகிறேன். நாடகத்தில் அண்ணன் நீதிபதி. நான் சிரிப்புக் கான்ஸ்டபிள். நீதிபதிக்கு வெள்ளை டோப்பா உண்டு. காதுக் கம்பி அதற்குள் ஒளிந்துகொள்ளும், பெட்டி அங்கிக்குள். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவரின் குரல் கம்பி வழியாகப் போகும். ஆனாலும் இரண்டு மூன்று தடவை மேடையில் அண்ணன் தடுமாறினார். மகள் வேஷக்காரி பின்னால் வந்து "அப்பா" என்று கூப்பிடுவாள், இவர் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பார். என் சீனில் நான் வேறு கைத்தட்டலுக்காக எழுதாத வசனத்தை எல்லாம் அவிழ்த்துவிடுவேன். அவர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு "அது சரிதான்" என்பார், நீதிபதி ஆசனத்திலிருந்து.

குழுச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீதிபதி வசனத்தை நெட்டுருப் போட்டு வை, பெட்டி இன்னொரு தடவை மக்கர் பண்ணினால் டோப்பா உனக்குத்தான் என்றார். அண்ணனிடமும் அதைச் சொல்லிவிட்டார், காதுக்கு அருகில், கத்தி. அவருக்குக் கேட்டது. அன்றைக்குப் படி இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது:

"டேய் கான்ஸ்டபிள், வெளிய எவன் என்ன பேசப்போறான்னு எனக்குத் தெரியாதுடா. மேடையில மட்டும்தான் எல்லாரும் பேசப்போறது எனக்கு முன்னாடியே தெரியும். அங்க நான் செவிடு இல்லை."

நான் என்ன செய்தேன்? சத்தியமாக நெட்டுருப் போடவில்லை. அவர் நன்றாகத்தான் இருக்கிறாரே, எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. அதனால் கட்டை போய்விட்டது என்று கேட்டபோது, அண்ணன் பிணமாகக் கிடக்கிற காட்சிக்குப் பக்கத்திலேயே நான் டோப்பாவோடு நிற்கிற காட்சியும் தெரிந்தது. எதைப் பார்த்து அதிகம் பயந்தேன் என்று கேட்காதீர்கள். கட்டை என்றால் பேட்டரி என்று தினமும் அவர் வாயால் கேட்டவன் நான். அந்த நேரத்தில் தமிழில் எனக்கு ஒரே ஒரு கட்டைதான் ஞாபகம் வந்தது, வேகிற கட்டை.

செயலாளரிடம் ஓடினேன். நாடகத்தை நிறுத்த வேண்டும், அண்ணனுக்குச் செய்கிற மரியாதை அதுதான் என்றேன். டிக்கெட் விற்றாகிவிட்டது, அண்ணன் ஆத்மாவே நாடகம் நடக்கத்தான் விரும்பும், டோப்பாவை எடு என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிராங்கூன் ரோட்டில் மாலைக்கடைக்குப் போனேன். சாமிக்கா, கல்யாணத்துக்கா என்று கேட்டார் கடைக்காரர். நான் அழுததைப் பார்த்துக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு ரோஜாவில் கட்டிக் கொடுத்தார். செம்பவாங்குக்குத் திருப்பி ஒரு போன் போட்டுக் கேட்போம் என்று எங்களில் ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை.

கூடம் நிரம்பியது. நான் இன்னும் கான்ஸ்டபிள் உடையில்தான் இருந்தேன், டோப்பாவைத் தொட மனசு வரவில்லை. திரைக்கு முன்னால் வந்து நின்றேன். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஜனங்கள் சிரித்தார்கள். கலையுலகம் ஒரு தூணை இழந்துவிட்டது என்றேன், இன்னும் சிரித்தார்கள். பிறகு என் கண்ணீரைப் பார்த்து அடங்கினார்கள். நான் பேசிய பேச்சு நன்றாக இருந்ததாகப் பிற்பாடு பலபேர் சொன்னார்கள். நீட்டிக்கொண்டே போனேன். பேசுகிற நேரம் வரைக்கும் நீதிபதி ஆக வேண்டியதில்லை அல்லவா? கடைசியில் வேறு வழியில்லாமல் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். எழுந்தார்கள்.

அப்போது கூடத்தின் கடைசியில் இருந்த வாசல் திரை விலகியது.

வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. பஸ் தாமதமானதால் சுற்றிக்கொண்டு வராமல் ஜனங்கள் வருகிற வழியிலேயே நுழைந்துவிட்டார் அண்ணன். கூடமே எழுந்து தலை குனிந்து நிற்பதைப் பார்த்தார். பையை மெதுவாகக் கீழே வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, அவரும் நின்றார்.

நான் மட்டும்தான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பட்டன் ஒன்று ஏற்கனவே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றேன்.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. மௌனம் முடிவதற்குள் அண்ணன் பக்கத்தில் நின்றவரிடம் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"யாருப்பா போனது?"

எல்லாத் தலைகளும் திரும்பின. தெரிந்தவர்கள் சிலர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மேடையில் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் கையை நீட்டி, எப்படியோ சொல்லிவிட்டேன்: "நீங்கதாண்ணே."

அண்ணன் என் மூஞ்சியைப் பார்த்தார். அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

"அடடா" என்றார். "நல்ல மனுஷன்."

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்பு மாதிரி என் சிரிப்பு நடிப்புக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் யாரோ அவருக்கே போட்டார்கள். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். மனைவிக்கு ஜலதோஷம் என்பது பிறகு தெரிந்தது. பெட்டி காலையிலேயே நின்றுவிட்டதாம், கடை பூட்டு, அதனால் பதில் கட்டை ஒன்றுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லியிருக்கிறார்.

சிரித்து முடித்ததும் செயலாளர் மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை. பெட்டி ஓடவில்லை என்றால் அண்ணன் மேடையேற முடியாது, டோப்பாவை அவனிடம் கொடுங்கள் என்று என்னைக் காட்டினார். அண்ணனுக்குக் கேட்கவில்லை. ஆனால் டோப்பா என் பக்கம் நகர்வதைப் பார்த்தார். முதல் தடவையாக அவருக்கு எந்தப் பதிலும் வரவில்லை.

நான் போட்டோக்காரரிடம் ஓடினேன். அவர் முன்வரிசைக்குப் பக்கத்தில் மீட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு அமாவாசைக்கு என்னால் ஆகாது என்றார். இது அண்ணனே கொடுத்த கட்டைதானே, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். திட்டிக்கொண்டே மூடியைத் திருகிக் கழற்றிக் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாய்ந்தேன். வழியில் அந்தத் தொங்கல் பட்டன் தெறித்து விழுந்தது. உலோகப் பட்டன், பின்பக்க வளையம் நசுங்கிப்போனது. உடுப்புக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் திட்டுவாரே என்று குனிந்து அதையும் பொறுக்கிக்கொண்டேன்.

பக்கத் திரைக்குப் பின்னால் வெளிச்சம் போதாது. செயலாளர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். என் கையில் இருந்ததை அண்ணன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

அவர் வழக்கம்போல் வேட்டியில் துடைத்தார். நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடினார். கொஞ்சம் அதிக நேரம் மூடியிருந்த மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். செயலாளர் கையிலிருந்த டோப்பாவைப் பார்த்தார்.

அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். சக்கரத்தைத் திருகித் தலையைச் சாய்த்தார்.

"நல்லாக் கேக்குது" என்றார். "திரையை எடுக்கச் சொல்லு."

அந்த மாதிரி அவர் நடித்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நீதிபதி வந்தார். எப்போதும் போட்டிருக்கிற இடத்தில் இல்லாமல் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார், எல்லோருடைய வாயும் தெரிகிற மாதிரி. என் சீனில் எழுதாத வசனம் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. உள்ளதை உள்ளபடி ஒப்பித்தேன், பயம். மகள் பின்னால் ஓடிவந்து "அப்பா" என்கிற இடம் வந்தது. அவள் பலகையில் கால் வைத்து வந்த வேகத்திலேயே அவர் தோள் அதிர்ந்தது. கூப்பிட்டு முடிப்பதற்குள் திரும்பிவிட்டார். முன்வரிசையில் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

செயலாளர் என் காதில், நல்ல கட்டை இருந்தால் மனுஷன் என்னமாய்ப் பண்ணுகிறார் பார், இனிமேல் போட்டோக்காரர் வாங்குகிற கடையிலேயே வாங்கிவிடுவோம் என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. கொண்டுவந்தது நானல்லவா?

நாடகம் முடிந்து காக்கிச் சட்டையைக் கழற்றி உதறினேன். பையிலிருந்து ஒன்று விழுந்து உருண்டு சுவரோரம் போய் நின்றது. எடுத்துப் பார்த்தேன். நாக்கில் வைத்தேன். புளிப்பு, சுருக்கென்று.

அடுத்த ஒத்திகைக்கு வந்தபோது அண்ணன் என் உள்ளங்கையை இழுத்து அதில் ஒன்றை வைத்தார். "உன் சட்டைப் பட்டன், கான்ஸ்டபிள். தைச்சுக்க."

அன்றைக்கு அவ்வளவு நேரமும் கட்டை இருந்தது என் பையில். அவர் பெட்டிக்குள் இருந்தது என் பட்டன். அந்த நாடகத்தில் அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.